முதற் கருவியும் களப் பரிசோதனையும்

ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியை இயங்கச் செய்வது ஒரு காரியம். அதே கருவி கிராமத்தில் ஆண்டுக்கணக்கில் பழுதின்றி இயங்குமாறு செய்வது முற்றிலும் வேறொரு காரியம். முன்னதற்கு விஞ்ஞானியின் திறமை போதும். பின்னதற்கு அத்திறமையோடு, கருவியைக் கையாளப் போகும் மக்களின் பழக்கவழக்கம், பழுது பார்ப்பவரின் வசதி, களப் பணியாளரின் அறிக்கை, அவ்வறிக்கையை மதித்து வடிவத்தை மாற்றும் நிர்வாகம் ஆகிய யாவும் தேவைப்படுகின்றன. இவற்றுள் ஏதேனும் ஒன்று குறையுமாயின், பெரும் பொருட்செலவில் உருவான கருவியும் பள்ளிக்கூடத்தின் மூலையிலோ பஞ்சாயத்துக் கட்டடத்தின் பின்புறத்திலோ துருவேறிக் கிடக்க நேரிடும். இத்தகைய காட்சியைக் காணாத களப் பணியாளர் அரியர்.

இந்த இடைவெளியைக் கடப்பதற்கு அண்மைக் காலத்தில் தொழில்துறையினர் ஒரு வழியை வற்புறுத்தி வருகின்றனர். ‘மினிமம் வயபிள் பிராடக்ட்’ என்பது அதன் பெயர். 2001-ஆம் ஆண்டில் ஃபிராங்க் ராபின்சன் என்பவர் இச்சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். 2011-இல் வெளிவந்த எரிக் ரீஸ் என்பவரின் ‘தி லீன் ஸ்டார்ட்அப்’ என்னும் நூல் அதை உலகெங்கும் பரவச் செய்தது. தமிழில் இதனைக் ‘குறைந்தபட்சப் பயன்படு பொருள்’ என்றோ, எளிமையாக ‘முதற் கருவி’ என்றோ கூறலாம். எல்லா வசதிகளும் அமைந்த பொருளைப் பல ஆண்டுகள் மறைவில் உழைத்து உருவாக்கிப் பின்னர் ஒரே நாளில் நாடெங்கும் வெளியிடுவது ஒரு முறை. இன்றியமையாத ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யும் எளிய பொருளை முதலில் சிலரிடம் கொடுத்து, அவர்கள் கையில் அது படும் பாட்டைக் கண்டறிந்து, அவ்வறிவின் துணைகொண்டு அடுத்த வடிவத்தை அமைப்பது மற்றொரு முறை. இரண்டாவது முறையே இங்கு எடுத்துக்கொண்ட பொருளாகும்.

கணிப்பொறித் தொழில் சார்ந்த நிறுவனங்களின் பேச்சில் இச்சொல் மிகுதியாக அடிபடுவதால், இது தங்கள் பணிக்குத் தொடர்பில்லாத புதுமை என்று களப் பணியாளரும் ஆசிரியரும் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணத் தேவையில்லை. பெயர்தான் புதிது, முறை பழையது. இந்நாட்டில் அது செவ்வையாகக் கையாளப்பட்ட இடங்களும் உண்டு. கைவிடப்பட்டதனால் நட்டம் விளைந்த இடங்களும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு நோக்குவது பயனுடையதாகும்.

கைப்பம்பு கற்பித்த பாடம்

கிராமத் தெருவில் நிற்கும் அடிபம்பை அறியாதார் இலர். அதன் வரலாற்றை அறிந்தோர் சிலரே. 1966-67-ஆம் ஆண்டுகளில் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் சில பகுதிகளிலும் கடும் வறட்சி ஏற்பட்டது. இந்தியாவின் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடினப் பாறையால் ஆனது. பாறையைத் துளைத்து நீர் காணும் துளையிடு இயந்திரங்களை யூனிசெஃப் நிறுவனம் அக்காலத்தில் இந்நாட்டிற்குக் கொண்டுவந்தது. கடப்பாரையும் வெடிமருந்தும் கொண்டு மாதக்கணக்கில் தோண்ட வேண்டிய ஆழத்தை இவ்வியந்திரங்கள் மிகக் குறுகிய காலத்தில் எட்டின. குழாய்க் கிணறுகள் பல மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் தோண்டப்பட்டன.

ஆனால் அக்கிணறுகளின் மேல் பொருத்தப்பட்ட பம்பு வேறொரு நோக்கத்திற்காகப் பிறந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணைக் குடும்பம் தன் தேவைக்காக நாளொன்றுக்குச் சில முறை இயக்கும் வார்ப்பிரும்புப் பம்பின் மாதிரியே இங்கு வார்க்கப்பட்டது. இந்தியக் கிராமத்திலோ விடியற்காலை முதல் இரவு வரை நூற்றுக்கணக்கானோர் அதை இடைவிடாது இயக்கினர். கைப்பிடியின் முளைகள் தேய்ந்தன, வார்ப்பிரும்பு உடைந்தது, உள்ளே செல்லும் தண்டு கழன்றது. 1970-களின் நடுப்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட கள ஆய்வுகளில், பார்வையிடப்பட்ட பம்புகளுள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இயங்காத நிலையில் இருந்ததாகத் தெரியவந்தது.

இயங்காத பம்பின் கீழ் உள்ள கிணறு, கிராம மக்களைப் பொறுத்தவரை இல்லாத கிணறே ஆகும். பெண்கள் மீண்டும் பழைய குளத்திற்கும் ஓடைக்கும் குடத்துடன் நடந்தனர். அரசாங்கக் கணக்கில் அக்கிணறு நிறைவேறிய இலக்காக நின்றது. வீட்டில் குழந்தை பழைய நீரையே குடித்தது. இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. துளையிடும் வேகம் கூடிய அளவிற்குப் பழுதான பம்புகளின் எண்ணிக்கையும் கூடியது. பரிசோதிக்கப்படாத ஒரு பொருளைப் பெருமளவில் பரப்பினால், பொருளோடு அதன் குறையும் பெருமளவில் பரவும்.

இந்நிலைக்கு மாற்று, களத்திலிருந்தே தோன்றியது. மகாராஷ்டிரத்தில் ஜால்னா, ஷோலாப்பூர் ஆகிய இடங்களில் தொண்டு அமைப்புகளைச் சார்ந்து கிணற்றுப் பணி செய்தவர்கள், உடைந்த பம்புகளைத் திரும்பத் திரும்பப் பழுது பார்த்துச் சலித்தவர்கள். எவ்விடத்தில் உடைகிறது என்பதை அவர்கள் கையால் அறிந்திருந்தனர். வார்ப்பிரும்பிற்குப் பதிலாக எஃகுத் தகட்டை வெல்டிங் செய்து பயன்படுத்தினர். பல மூட்டுகளை நீக்கி ஒரே சுழல் மையத்தை அமைத்தனர். ஷோலாப்பூர் பம்பில் கைப்பிடியின் முனை வில்வடிவமாக அமைக்கப்பட்டு, ஒரு சங்கிலியின் மூலம் தண்டோடு இணைக்கப்பட்டது. இதனால் தண்டு பக்கவாட்டில் சாயாமல் நேராக மேலெழுந்தது, தேய்மானம் குறைந்தது. சுழலும் இடத்தில் பால் பேரிங் பொருத்தப்பட்டது.

இம்மாதிரியை அடிப்படையாகக் கொண்டு, மத்திய அரசாங்கம், யூனிசெஃப், சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலை, விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சார்ந்த சென்னை இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் ஆகியவை சேர்ந்து ‘இந்தியா மார்க் 2’ என்னும் பம்பை உருவாக்கின. புதிய பம்பு செய்ய வேண்டியவை மிகச் சிலவாகவே வரையறுக்கப்பட்டன. அது எளிதில் உடையக் கூடாது. பெண்களும் சிறுவர்களும் சிரமமின்றி இயக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். சாதாரணப் பட்டறைகளில் பெருமளவில் செய்யத்தக்கதாகவும் விலை குறைந்ததாகவும் அமைதல் வேண்டும். இவற்றிற்கு அப்பாற்பட்ட வசதிகள் முதல் வடிவத்தில் சேர்க்கப்படவில்லை.

பரிசோதனைக்குக் கோயம்புத்தூர்ப் பகுதி தெரிந்தெடுக்கப்பட்டது. அங்கு நிலத்தடி நீர் ஆழத்தில் இருந்தது. ஒவ்வொரு பம்பையும் பலர் உபயோகித்தனர். எளிதான இடத்தில் வைத்துப் பாராட்டுப் பெறுவதை விடுத்து, கடினமான இடத்தில் வைத்துக் குறையைக் கண்டறிய முற்பட்டதே அம்முயற்சியின் சிறப்பாகும். சிறு எண்ணிக்கையில் வைக்கப்பட்ட பம்புகள் அங்குத் தேறிய பின்னரே 1970-களின் இறுதியில் பெருமளவு உற்பத்தி தொடங்கியது. 1979-இல் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஐ.எஸ். 9301 என்னும் எண்ணில் அதற்குத் தரநிர்ணயம் வெளியிட்டது. அதன் பின் எந்தத் தொழிற்சாலையில் செய்தாலும் ஒரு பம்பின் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தும் நிலை ஏற்பட்டது. இத்தரநிர்ணயமும் அசைக்க முடியாத சாசனமாக நிற்காமல் அனுபவத்திற்கேற்ப பின்னர்த் திருத்தப்பட்டு வந்தது.

மார்க் 2 பம்பிலும் ஒரு குறை இருந்தது. ஆழத்தில் உள்ள சிலிண்டரின் வாஷரை மாற்ற வேண்டுமானால், குழாய்கள் முழுவதையும் மேலே தூக்க வேண்டும். அதற்குத் தக்க சாதனங்களும் பயிற்சி பெற்ற குழுவும் வண்டியும் தேவை. சிறு வாஷர் ஒன்றிற்காகக் கிராமம் நாட்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. 1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர்ப் பகுதியில் மீண்டும் நீண்ட களப் பரிசோதனைகள் நடைபெற்றன. தோல் வாஷருக்குப் பதிலாக நைட்ரைல் ரப்பர் வாஷர் நெடுநாள் உழைப்பது அங்குத் தெரியவந்தது. குழாயின் விட்டத்தைப் பெரிதாக்கினால், குழாயைத் தூக்காமலே பிஸ்டனையும் அடி வால்வையும் வெளியே எடுக்கலாம் என்பதும் நிறுவப்பட்டது. இவ்வாறு பிறந்த மார்க் 3 பம்பிற்கு 1991-இல் ஐ.எஸ். 13056 என்னும் தரநிர்ணயம் கிடைத்தது.

முதல் வடிவத்திலேயே உடையாமையும் கிராமத்திலேயே பழுது பார்க்கும் வசதியும் ஆகிய இரண்டும் வேண்டுமென வற்புறுத்தியிருந்தால், மார்க் 2 பல ஆண்டுகள் தாமதப்பட்டிருக்கக்கூடும். அதுவரை உடைந்த வார்ப்பிரும்புப் பம்புகளே கிராமங்களில் நின்றிருக்கும். மிக அவசரமான குறையை முதலில் தீர்த்து, அடுத்த குறையை அடுத்த வடிவத்திற்கு ஒதுக்கியது சரியான முடிவு என்றே கருத வேண்டும். எனினும் ஒதுக்கியதை மறவாமல் மீண்டும் எடுத்துக்கொண்டமையே அம்முடிவை நியாயப்படுத்துகிறது.

குறைந்தபட்சம் என்பதன் பொருள்

‘குறைந்தபட்சம்’ என்னும் சொல் தவறாகப் பொருள் கொள்ளப்படுவதுண்டு. அரைகுறையாகச் செய்த பொருளைக் களத்தில் தள்ளிவிட்டு, ‘இது சோதனை வடிவம்’ என்று சமாதானம் கூறுவோர் உளர். பால் பேரிங் இல்லாத பம்பு விலை குறைந்த பம்பாகலாம், குறைந்தபட்சப் பம்பாகாது. ஏனெனில், தண்ணீர் தருதல் என்னும் ஒரே கடமையை அது நிறைவேற்றாது. முதற் கருவியில் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஏற்றுக்கொண்ட வேலையின் தரத்தைக் குறைத்தல் ஆகாது. ஒரு கால் இல்லாத நாற்காலியைச் செய்துவிட்டு அதைச் சிக்கனம் என்று கூறுவார் இல்லை. முக்காலியாகச் செய்தால் அதில் உட்காரலாம். முதற் கருவி முக்காலியாக இருத்தல் வேண்டும்.

மற்றொரு தவறும் உண்டு. கருவி இயங்குகிறதா என்னும் கேள்விக்கு விடை கிடைத்தவுடன், அது பயன்படுமா என்னும் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாக எண்ணிவிடுவதே அது. 1950-களில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் குழிவான பிரதிபலிப்பான் கொண்ட சூரிய அடுப்பு ஒன்றை உருவாக்கியது. விஞ்ஞான நோக்கில் அது பிழையற்ற சாதனம். சூரிய வெப்பத்தால் உணவு சமைக்க முடியும் என்பதை அது ஐயமின்றி நிரூபித்தது. விற்பனைக்கும் வந்தது, ஆனால் மக்களிடையே பரவவில்லை. பெரும்பாலான வீடுகளில் காலையிலும் மாலையிலும் சமையல் நடைபெறுகிறது. சூரியனோ நண்பகலில்தான் முழு வெப்பம் தருகிறது. சமைப்பவர் வெயிலில் நின்று, சூரியன் நகர நகர அடுப்பையும் திருப்ப வேண்டும். விறகும் சாணமும் பெரும்பாலும் காசின்றிக் கிடைத்த வீட்டில், ரொக்கம் கொடுத்து அடுப்பு வாங்கவும் மனம் வரவில்லை. இவற்றுள் ஒன்றேனும் பௌதிகத்தைச் சார்ந்த தடையன்று. சில வீடுகளில் சில மாதங்கள் வைத்துப் பார்த்திருப்பின், யாவும் குறைந்த செலவில் தெரிந்திருக்கக்கூடியவையே.

ஆகவே ஒவ்வொரு முதற் கருவிக்கும் இரண்டு கேள்விகள் உண்டு. இயங்குகிறதா என்பது ஒன்று. இயக்குவார்களா என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு ஆய்வுக்கூடம் விடை தரும். இரண்டாவது கேள்விக்குச் சமையலறையும் தெருவும் வகுப்பறையும் மட்டுமே விடை தர வல்லவை.

எண்பது கிராமங்களிலிருந்து

கருவிக்குப் பொருந்தும் இம்முறை பெருந்திட்டங்களுக்கும் பொருந்தும். 1967-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் தில்லியைச் சூழ்ந்த 80 கிராமங்களை நோக்கிக் ‘கிருஷி தர்ஷன்’ என்னும் விவசாயத் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. கிராம மக்கள் ஒன்றாகக் கூடி ஒரு பெட்டியைப் பார்ப்பார்களா, பார்த்ததை வயலில் பின்பற்றுவார்களா என்பன போன்ற கேள்விகளுக்கு அது முதல் விடை தந்தது. 1969-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுடன் ஒப்பந்தம் செய்யப்பட்டு, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ‘சைட்’ என்னும் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிப் பரிசோதனை நடைபெற்றது. ஆந்திரப் பிரதேசம், பீகார், கருநாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, இராஜஸ்தான் ஆகிய 6 மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்கள் அதில் பங்குகொண்டன.

இதில் கவனிக்கத்தக்கது யாதெனில், செயற்கைக்கோள் இரவல் பெற்றதாகும். ஏ.டி.எஸ்.-6 என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோளை ஓராண்டிற்குப் பெற்று, இந்திய விஞ்ஞானிகள் தங்கள் உழைப்பைத் தரையில் செலுத்தினர். வானிலிருந்து நேரடியாக ஒலியும் ஒளியும் பெறும் பெட்டிகள் இந்நாட்டிலேயே உருவாயின. கோழிக்கூட்டிற்கு உபயோகிக்கும் கம்பி வலையைப் போன்ற வலையினால் ஏறக்குறைய 3 மீட்டர் விட்டமுள்ள ஏற்பிகள் அமைக்கப்பட்டன. எந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லையோ அதில் பொருளையும் காலத்தையும் செலவிட்டு, பிறர் ஏற்கெனவே தீர்த்துவிட்ட பகுதியை இரவலாகப் பெறுவது முதற் கருவியைத் திட்டமிடுவதில் ஒரு சிறந்த உபாயமாகும். 1983-இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டபோது, தரையில் செய்ய வேண்டியவை குறித்த அனுபவம் நாட்டில் முன்பே இருந்தது.

பல கிராமங்களில் அப்பெட்டி பள்ளிக்கூடத்திலேயே வைக்கப்பட்டது. ஆசிரியரே அதன் காப்பாளராக இருந்தார். காலையில் சிறுவர்களுக்கும் மாலையில் பெரியோர்களுக்கும் நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. பெட்டி எப்போது பழுதாயிற்று, மின்சாரம் எப்போது நின்றது, எந்த நிகழ்ச்சிக்குக் கூட்டம் கலைந்தது என்பவற்றை அருகிலிருந்து அறியக்கூடியவர் அவரே. உயர்ந்த விஞ்ஞானப் பரிசோதனையும் இறுதியில் ஒரு கிராம ஆசிரியரின் கவனிப்பைச் சார்ந்து நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. 1948-இல் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் 64 கிராமங்களில் ஒரு முன்னோடி அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் அனுபவம் 1952 அக்டோபர் 2-ஆம் நாள் 55 சமுதாய நலத் திட்டங்கள் தொடங்குவதற்கு ஆதாரமாயிற்று. அடுத்த ஆண்டே தேசிய விரிவாக்கப் பணி வகுக்கப்பட்டு, நாடு முழுவதையும் அடைய வேண்டும் என்னும் விரைவு மேலோங்கியது. 1957-இல் பல்வந்தராய் மேத்தா குழு, இத்திட்டங்கள் மக்களின் சொந்த முயற்சியைத் தூண்டத் தவறின என்று எடுத்துக்காட்டியது. எட்டாவாவில் பயன் தந்தது பொறுமையான கவனிப்பு. பிற இடங்களுக்கு எளிதில் பிரதியெடுக்க முடிந்தது அலுவலக அமைப்பு மட்டுமே. சிறிய அளவில் வெற்றி பெற்றதை விரிவாக்கும்போது, அவ்வெற்றிக்குக் காரணமானது எது என்பதை அறிந்து அதையே விரிவாக்க வேண்டும்.

திட்டமிட வேண்டுவன

இவ்வனுபவங்களிலிருந்து, முதற் கருவியைக் களத்திற்கு அனுப்புமுன் செய்ய வேண்டிய சில காரியங்கள் தெளிவாகின்றன.

முதலாவதாக, கருவி தீர்க்க வேண்டிய தேவையை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். எழுத முடியவில்லையெனில், தேவை இன்னும் புலப்படவில்லை என்றே பொருள். அதனருகில், இவ்வடிவத்தில் சேர்க்கப்படாதவை எவை என்னும் பட்டியலையும் எழுதி வைத்தல் வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொருவர் ஒரு வசதியைச் சேர்க்கச் சொல்வது வழக்கம். சேர்த்துக்கொண்டே சென்றால் கருவி என்றும் முடிவு பெறாது. அப்பட்டியலே அத்தகைய வேண்டுகோளுக்கு மறுமொழியாகும்.

இரண்டாவதாக, பரிசோதனை நடைபெறும் இடம் தலைமை அலுவலகத்திற்கு அருகாமையைக் கருதித் தெரிந்தெடுக்கப்படலாகாது. பார்வையாளர் காரில் சென்று மாலைக்குள் திரும்பத்தக்க கிராமத்தில் எக்கருவியும் நன்றாகவே இயங்கும். சாலை முடியும் இடத்தில், தண்ணீர் ஆழமான இடத்தில், மின்சாரம் நிலையற்ற இடத்தில் ஒரு பங்கேனும் வைக்கப்பட வேண்டும். காலமும் அவ்வாறே. மழை, பனி, கோடை ஆகிய எல்லாப் பருவங்களையும் காணாத பரிசோதனை, பாதிப் பரிசோதனையே.

மூன்றாவதாக, எவ்விளைவு ஏற்பட்டால் கருவி ஏற்கப்படும், எவ்விளைவு ஏற்பட்டால் தள்ளப்படும் என்பதைத் தொடங்குமுன்னரே எழுத வேண்டும். முடிந்த பின்னர் எழுதினால், எவ்விளைவையும் வெற்றி என்று விளக்கிவிட முடியும். ‘மக்கள் மகிழ்ச்சியடைந்தனர்’ என்னும் வாக்கியம் அளவீடாகாது. பம்பானால், காலையில் முதல் நீர் வருமுன் எத்தனை முறை கைப்பிடியை அழுத்த வேண்டியிருக்கிறது என்பதை எண்ணலாம். அவ்வெண்ணிக்கை நாளுக்கு நாள் கூடுமாயின், இரவில் குழாயிலுள்ள நீர் இறங்கிவிடுகிறது என்றும், அடி வால்விலோ குழாய் இணைப்பிலோ கசிவு இருக்கலாம் என்றும் அறியலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பள்ளி மாணவனும் இதற்குப் போதும்.

நான்காவதாக, முதற் கருவியின் செலவுத் திட்டத்தில் கருவியின் விலை மட்டும் இருத்தல் போதாது. உதிரி உறுப்புகள், பழுது பார்ப்பவரின் பயணம், குறையுள்ள கருவியைத் திரும்பப் பெறும் செலவு, இரண்டாவது வடிவத்தைச் செய்யும் செலவு ஆகியவையும் தொடக்கத்திலேயே ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது வடிவத்திற்குப் பணம் ஒதுக்காத திட்டம், முதல் வடிவத்திலிருந்து எதையும் கற்க எண்ணவில்லை என்றே கொள்ளத்தக்கது.

ஐந்தாவதாக, களத்திலிருந்து வரும் அறிக்கை வடிவமைப்பவரின் மேசைக்கு நேரே செல்லுதல் வேண்டும். பல படிகளைக் கடந்து செல்லும் அறிக்கையில், ஒவ்வொரு படியிலும் ஒரு குறை மறைகிறது. கிராமத்தில் ‘உடைந்தது’ என்று புறப்படும் செய்தி, வட்டாரத்தில் ‘சிறு பழுது’ ஆகி, மாவட்டத்தில் ‘திருப்திகரம்’ ஆகித் தலைநகரை அடைவது நிர்வாகத்தில் புதிதன்று. வடிவமைப்பவர் குறிப்பிட்ட இடைவெளிகளில் களத்திற்கு வந்து, உடைந்த உறுப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு எவ்வறிக்கையும் ஈடாகாது.

ஆட்சேபங்கள்

இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் காரணங்களைப் புறக்கணிக்கலாகாது. ஏழை மக்களைப் பரிசோதனைப் பொருளாக்குவது முறையா என்பது முதல் ஆட்சேபம். இது கனமான கேள்வி. சைட் பரிசோதனை ஓராண்டில் முடிவுற்றபோது, தொடர்ந்து ஒளிபரப்ப வசதியில்லாத கிராமங்களில் திரை இருண்டது. விஞ்ஞானத்திற்கு விடை கிடைத்தது. அக்கிராமத்துச் சிறுவர்களுக்குக் காலை நிகழ்ச்சி நின்றது. பரிசோதனைக்கு இடம் தந்த மக்களுக்கு, இது பரிசோதனை என்பது தொடக்கத்திலேயே சொல்லப்பட வேண்டும். கருவி தவறினால் மாற்று ஏற்பாடு இருக்க வேண்டும். வெற்றி பெற்றால் திருத்திய வடிவம் அவர்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும். இம்மூன்றும் இல்லாத இடத்தில் அவ்வாட்சேபம் முற்றிலும் நியாயமானதே. எனினும் ஒன்று நினைவில் கொள்ளத்தக்கது. பரிசோதிக்காமலே பரப்பிய வார்ப்பிரும்புப் பம்பும் ஒரு பரிசோதனையே. ஆயிரக்கணக்கான கிராமங்களில், எவருக்கும் சொல்லாமல், எவரும் அளவிடாமல் நடந்த பரிசோதனை அது.

பரிசோதனை, கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை தரும் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதுவும் உண்மை. பம்பு உழைக்குமா என்று கேட்டவர்களுக்குப் பம்பைப் பற்றிய விடை கிடைத்தது. மேற்கு வங்காளத்தில் குழாய்க் கிணற்று நீரில் ஆர்செனிக் நஞ்சு கலந்திருப்பது 1980-களில் நோயாளிகளின் உடலில் தோன்றிய குறிகளைக் கொண்டே தெரியவந்தது. கடினப் பாறைப் பகுதிகள் பலவற்றில் ஃபுளோரைடு மிகுந்த நீர் எலும்பையும் பல்லையும் கெடுக்கிறது. இவை பம்பின் குறைகள் அல்ல. முன்னரே கேட்கப்படாத கேள்விகளின் விளைவுகள். ஆதலால், வரையறுத்த அளவீடுகளுக்கு வெளியே களப் பணியாளர் கண்ட எதையும் எழுதுவதற்கு அறிக்கையில் வெற்றிடம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அதைப் படிப்பதற்கு ஒருவரும் இருக்க வேண்டும்.

தணிக்கையாளர் தோல்வியை வீண் செலவாகக் கருதுவர் என்பது மூன்றாவது. பத்துக் கருவிகள் களத்தில் தவறுவதற்கு ஆன செலவு கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பதினாயிரம் கருவிகள் தவறாமல் தடுக்கப்பட்டது கண்ணுக்குத் தெரிவதில்லை. இதற்குப் பரிகாரம், அனுமதி வழங்கும் ஆணையிலேயே இது கற்பதற்காகச் செய்யப்படும் செலவு என்பதையும், எத்தனை தவறுகள் எதிர்பார்க்கப்படுகின்றன என்பதையும் குறிப்பிடுவதாகும். தோல்வியை நேர்மையாக அறிவித்த அலுவலர் தண்டனைக்கு அஞ்ச வேண்டியிருக்கும்வரை, எந்த முன்னோடித் திட்டமும் தோல்வியடைந்ததாக ஏட்டில் பதிவாகாது. அதிலிருந்து எவரும் எதையும் கற்கவும் மாட்டார்.

எப்போது நிறுத்துவது

முதற் கருவியைச் செம்மைப்படுத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. வாரந்தோறும் வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்தால் உதிரி உறுப்பு எதுவும் பொருந்தாது. பழுது பார்ப்பவர் எதைக் கற்பது என்று அறியாமல் திகைப்பார். ஒரு கட்டத்தில் வடிவத்தை நிலைநிறுத்தி, தரநிர்ணயம் செய்து, அதற்கேற்பப் பயிற்சியளித்துப் பரப்ப வேண்டும். மார்க் 2 பம்பு பரவியதற்கு அதன் வடிவம் ஒரு காரணமாயின், 1979-ஆம் ஆண்டின் தரநிர்ணயமும் அதனை ஒட்டிய கடுமையான தரப் பரிசோதனையும் மற்றொரு காரணமாகும். நிலைநிறுத்திய வடிவத்தை நாடெங்கும் வழங்கிக்கொண்டே, அடுத்த வடிவத்தைத் தனியே சில கிராமங்களில் சோதிப்பது இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றும் வழியாகும். மார்க் 3 அவ்வழியிலேயே பிறந்தது.

2019 ஆகஸ்டு 15-ஆம் நாள் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஒவ்வொரு கிராமப்புற வீட்டிற்கும் குழாய் மூலம் நீர் வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. தெரு முனையில் நின்ற பம்பிலிருந்து வீட்டுக் குழாய்க்குச் செல்லும் இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. ஆனால் பம்பின் பாடம் இங்கும் பொருந்தும். பொருத்திய குழாய்களின் எண்ணிக்கை ஒரு கணக்கு. நாள்தோறும் நீர் வரும் குழாய்களின் எண்ணிக்கை வேறொரு கணக்கு. முன்னதை அலுவலகத்தில் அமர்ந்து எழுதலாம். பின்னதைக் குழாயைத் திறந்து பார்த்தவரே எழுத முடியும்.

களப் பணியாளரும் ஆசிரியரும் இத்தகைய முயற்சிகளில் தங்களைக் கடைசிப் படியில் நிற்பவர்களாக எண்ணுதல் தகாது. முதற் கருவியின் குறையை முதலில் காண்பவர்கள் அவர்களே. 2016-இல் தொடங்கப்பட்ட அடல் புத்தாக்கத் திட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் மாணவர் செய்முறைக் கூடங்கள் அமைந்துள்ளன. அங்கு ஒரு மாணவன் செய்த கருவி கண்காட்சி மேசையில் ஒளிர்ந்தால் போதும் என்று ஆசிரியர் நிறைவடையலாகாது. அதை அவன் வீட்டிற்கோ அண்டை வீட்டிற்கோ கொண்டுசென்று, ஒரு மாதம் உபயோகிக்கச் செய்து, என்ன தவறியது என்று எழுதிவரச் சொன்னால், விஞ்ஞான முறையின் மிக முக்கியமான பகுதியை அவன் கற்றவனாவான்.

அவ்வாறே, பழுதான கருவியைப் பற்றிய அறிக்கையில் ‘திருப்திகரம்’ என்னும் சொல்லை எழுதுமுன் ஒரு களப் பணியாளர் சற்றே தயங்கி, உடைந்த இடத்தையும் உடைந்த நாளையும் உள்ளபடி எழுதுவாரேயானால், அடுத்த வடிவத்தின் பாதி வேலையை அவர் செய்து முடித்தவராவார். மீதிப் பாதி, அவ்வறிக்கையைப் படித்து வடிவத்தை மாற்றும் கடமை பூண்டவர்களுடையது.